மந்திரித்த டோக்கனும் ஆறிப்போன பிரியாணியும்

நல்லது செய்கிறேன் என்று நான் இறங்கினால், அந்த இடத்தில் யாராவது பட்டினி கிடப்பார்கள். இது என் வீட்டுக்காரர் சொல்வது. நான் மறுத்ததில்லை; மறுக்க எனக்கு முகமில்லை.

பொழிச்சலூரில் எங்கள் அந்தோனியார் திருவிழாவுக்கு நான்கு அன்பியங்களும் சாப்பாட்டுக் கடை போடும். (அன்பியம் என்றால் பக்கத்துப் பக்கத்து வீடுகள் கூடி ஜெபிக்கிற குழு.) ஒவ்வொரு கடைக்கும் தனி டோக்கன். எங்கள் ரோஸ் டோக்கன் பச்சைக் கடையில் செல்லாது, பச்சை எங்களிடம் செல்லாது. வடை ஒரு தேசம், டீ ஒரு தேசம் என்று ஜனங்கள் அல்லாடுவார்கள்.

எட்டாம் வகுப்பு வரை படித்த எனக்கு ஒரு வருஷம் ஞானம் பிறந்தது. "நாலு கடைக்கும் ஒரே டோக்கன் வெச்சா என்ன ஃபாதர்?" என்று கூட்டத்தில் எழுந்து கேட்டேன்.

"நல்ல யோசனை மேரி. நீயே பாத்துக்கோ" என்றார் ஃபாதர். (யோசனை சொன்னவர் தலையில் வேலையைக் கட்டுவது எங்கள் பங்குக் கோயிலின் வழக்கம்.)

மூன்று ஞாயிறு பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்து விளக்கினேன். ஏர்போர்ட் பக்கத்திலேயே என்பதால், தலைக்கு மேல் விமானம் போனால் நிறுத்தி, போனதும் தொடர்வேன். "பேங்க்ல காசு குடுத்து டோக்கன் வாங்குங்க. எந்தக் கடையிலயும் செல்லும். கடையில மட்டும் காசு செல்லாது!"

பேங்க் என்பது வேப்பமரத்தடியில் ஒரு மேஜை. அதற்கு மேனேஜர் ஆரோக்கியம் சார். நிஜ பேங்கில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை போட்ட பெண்கள் தங்களிடம் சேர்ந்த டோக்கனை அவரிடம் கொடுத்தால்தான், சமையலுக்குப் போட்ட கைக்காசு திரும்பும்.

எங்கள் அன்பியத்துப் பிரியாணிக்குப் பொறுப்பு ஸ்டெல்லா அக்கா. அவர் மட்டும் கையைத் தூக்கினார். "போன வருசத்து ரோஸ் டோக்கன் மூணு வூட்ல கீது. மாத்திக் குடுப்பியா?"

இத்தோடு விட்டிருக்கலாம். புது டோக்கன் வெறும் அட்டையாக இருந்தால் மரியாதை வராது என்று எனக்குத் தோன்றியது. ஒரு பக்கம் அந்தோனியார் படம், மறுபக்கம் சின்ன ஜெபம் போட்டு அச்சடித்தேன். திருவிழாப் பூசையில் மொத்த டோக்கன் கட்டையும் பீடத்தருகே வைத்து, ஃபாதரை மந்திரிக்கச் சொன்னேன். தீர்த்தமும் தெளித்தார்.

ஆரோக்கியம் சார் மட்டும் ஒரு டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, நோட்டுன்னா கை மாறணும், கசங்கணும். இதை யாரு கசக்குவா?"

பெரியவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். (கர்த்தர் மன்னிப்பாராக.)

பூசை முடிந்ததும் பேங்கில் கூட்டம் அலைமோதியது. பத்து, இருபது என்று அள்ளினார்கள். அரை மணியில் டோக்கன் காலி. ஆனந்தத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது ஸ்டெல்லா அக்கா கரண்டியோடு வந்தார்.

"ஏய் மேரி! தம் ஒடச்சி எம்மா நேரமாவுது, ஒரு ஈ காக்கா வர்ல. நீ இன்னா டோக்கன் வித்தியா, சாமி படம் வித்தியா?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். நான்கு கடையிலும் செய்தது செய்தபடி இருந்தது. எதிரில் பசியோடு ஜனங்கள். அதில் ஒரு அக்காவிடம், ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன். பதறிப்போய் மார்பில் கையை வைத்துக்கொண்டார். "மந்திரிச்ச படத்தைக் குடுத்துட்டு பிரியாணி துன்றதா? பாவம்மா! பீரோல ஒண்ணு, தலகாணி அடியில ஒண்ணு வெக்கணும். மீதி பம்மல்ல கீற என் தங்கச்சிக்கு." ஒரு ஆட்டோக்காரர் அதற்குள் கண்ணாடியில் ஒட்டியே விட்டார். காசை நீட்டியவர்களைக் கடைக்காரப் பெண்கள் விரட்டினார்கள். 'காசு செல்லாது' என்று என் கையெழுத்தில் அட்டை தொங்கியதே!

காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர் அந்தோனியார். அன்று அவரே காணாமல் போனார்.

"எங்க கைக்காசு போச்சுடி" என்று ஸ்டெல்லா அக்கா குரல் உடைந்தது. ஃபாதரிடம் ஓடினேன். "மந்திரிச்சதைத் திருப்பி எடுத்துக்க முடியாதா ஃபாதர்?"

"அதுக்கு திருச்சபையில வழியே இல்லையேம்மா!"

வழியை ஆரோக்கியம் சார் கண்டுபிடித்தார். டோக்கனைக் காட்டினால் போதும், கொடுக்க வேண்டாம். ஒரு டோக்கனுக்கு உள்ளங்கையில் ஒரு மைமுத்திரை. கடைக்காரர் நோட்டுப் புத்தகத்தில் ஒரு கோடு. ஜனங்கள் பாய்ந்து வந்தார்கள். சாப்பிட்டார்கள். கை கழுவினார்கள். கழுவிய கையோடு முத்திரையும் போய்விட, மறுபடி வந்து காட்டினார்கள்!

சாயங்காலம் ஒரு பருக்கை மிச்சமில்லை. எல்லாப் பெண்களுக்கும் கைக்காசு திரும்பியது. விற்ற டோக்கனைவிடக் கோடு அதிகமாகித் துண்டு விழுந்ததை என் சீட்டுப் பணத்தில் அடைத்தேன். மூன்றாம் நாள் காய்கறிக்குக் காசு கொடுத்தபோது வீட்டுக்காரர் கேட்டார். "மந்திரிக்காத நோட்டுதானே? செலவு பண்ணலாம் இல்ல?" இன்றுவரை கேட்கிறார். இப்போது மருமகனும் சேர்ந்து கேட்கிறார்.

போன வருஷம் ஆரோக்கியம் சார் காலமானார். ஜெபம் சொல்லப் போனபோது அவர் மனைவி பைபிளுக்குள்ளிருந்து ஒரு டோக்கனை எடுத்துக் காட்டினார். அந்தோனியார் முகம் பாதி தேய்ந்து, நான்கு மூலையும் கசங்கிப்போயிருந்தது.

"தெனம் ராத்திரி இதைக் கையில வெச்சிக்கிட்டுதான் ஜெபம் பண்ணுவாரு. பிரியாணிக்கு இன்னும் செல்லுமான்னு மேரியைக் கேளுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

டோக்கனை வாங்கி என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா அக்காதான் மூக்கைச் சிந்திக்கொண்டே, சார் படத்தைப் பார்த்துச் சொன்னார்: "செல்லும் சார், செல்லும். இதான் நல்லா கசங்கிகீதே."