கூடத்துக்குக் கஞ்சி போட்ட கதை

கூடப் பிறந்த அண்ணனைத் தரையோடு ஒட்டவைத்த தங்கைகள் இந்த ஜில்லாவில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நான் ஒருத்தி இருக்கிறேன். சண்டை இல்லை, சொத்துத் தகராறு இல்லை. வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்கிற ஆசையில்தான் அது நடந்தது. (என் வீட்டுக்காரரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். அவரைக் கேட்காதீர்கள்.)

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். இவருக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. அந்தப் பட்டத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தேன். படித்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே வேலை, வாரம் ஒருமுறை அந்தக் கண்ணாடியைத் துடைப்பது.

மூத்தவள் கோமதிக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடத்தில் ஒருநாள் டீச்சர், தண்ணீருக்கு நிறம், மணம், சுவை கிடையாது என்று சொல்லியிருக்கிறார். இவள் எழுந்து, "எங்க கிணத்துத் தண்ணி உப்புக் கரிக்குதே டீச்சர், அப்ப அது தண்ணி இல்லையா?" என்று கேட்டிருக்கிறாள். மதியம் வரைக்கும் வெயிலில் நிற்க வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லக்கூட இல்லை. ஓயாமல் கேள்வி கேட்டு என் பிராணனை வாங்குகிற பெண், அதற்குப் பிறகு பல நாள் எதையுமே கேட்கவில்லை. அவள் தம்பி முரளி சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம். நேராகப் போய்ச் சத்தம் போட்டுவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்து அழைத்து வந்துவிட்டேன். "இனிமே நானே சொல்லிக் குடுத்துக்கறேன்" என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன். பாதி வழியில் கோபம் தணிந்து, என்ன சொல்லிக் கொடுப்பது என்ற கவலை வந்தது. ஆனால் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்குகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

பாடத்திட்டம் என்று என்னிடம் ஒன்றும் இல்லை. வீட்டு வேலை நிறைய இருந்தது. பிள்ளைகள் என் பின்னாலேயே சுற்றினார்கள். கொஞ்ச நாளில் கோமதி வாயைத் திறந்தாள்.

"ஏம்மா, நுரை நிறைய வந்தாத்தான் அழுக்கு போகுமா?"

"ஆமா."

"எப்படித் தெரியும்?"

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி கொஞ்ச நேரம் யோசித்தது. தெரியவில்லை. சரி, பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். இவருடைய ஆபீஸ் சட்டையில் ஒரு பாதியை நுரை பொங்கப் பொங்கவும், மறு பாதியை நுரையே வராத சலவைச் சோடாவிலும் துவைத்தோம். எது வெளுத்தது என்று ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்தது, ஏனென்றால் இவர் கவனிக்காமல் அதைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். (சோடாதான் ஜெயித்தது. இடது பக்கம்.) துணிக்கு நீலம் போட்டால் அழுக்கு போகாது, அழுக்கும் நீலமாகும் என்று தெரிந்துகொண்டோம். புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு பளபளவென்று வந்து, சாம்பல் போட்டதைவிடச் சீக்கிரம் கறுத்துப்போனது. என் அம்மா வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த ஞானமெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், கல்லூரியில் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தபோதுகூட அவ்வளவு சந்தோஷமாக நான் படித்ததில்லை.

இந்தச் சந்தோஷத்துக்குத்தான் ஆபத்து வந்தது. என் அண்ணன் உறையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் வீடு வீடாகப் போய் இழுத்துவந்து சேர்க்கிற மனுஷனின் சொந்தத் தங்கை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை என்றால் அவர் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பார்? "மே மாசம் நானே வந்து கேள்வி கேக்கறேன். திருப்தி இல்லேன்னா ஜூன்ல எங்க ஸ்கூல்ல சேத்துக்குவேன். அதுக்கு மேல பேசக் கூடாது" என்றார். இவர் உடனே, "மச்சான் சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டார். நானும் வீராப்பாக, "வாங்கண்ணே, பாத்துக்கலாம்" என்றேன். கோமதி மட்டும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் மறுபடி ஊமையாகிவிடுவாளோ என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் அசந்துபோகிற மாதிரி ஒரு பரிசோதனையை அவர் கண் முன்னால் செய்து காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். விஷயத்தைப் பிள்ளைகளே பிடித்தார்கள். தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெள்ளையாக மாறுவதுதான் நல்ல பினாயில் என்று எல்லோரும் சொல்கிறார்களே, வேலை செய்வது பினாயிலா, வெறும் வெள்ளையா? கூடத்தைச் சாக்பீஸால் மூன்று கட்டமாகப் பிரிப்பது. ஒன்றைப் பினாயில் தண்ணீரால் துடைப்பது, ஒன்றை வெறும் தண்ணீரால், ஒன்றைப் பொய்ப் பினாயிலால். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வெல்லக் கட்டி வைத்து, எதில் ஈ குறைவாக வருகிறது என்று பார்ப்பது.

பொய்ப் பினாயிலுக்கு வடிகஞ்சியைத் தண்ணீரில் லேசாகக் கலந்தால் போதும் என்றாள் கோமதி. நான் விடுவேனா? பொய் என்று கண்டுபிடிக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்றேன். அன்றைக்கு அண்ணனுக்காகப் பெரிய பானையில் சோறு வடித்திருந்தேன். அத்தனை கஞ்சியையும் கெட்டியாக வாளியில் ஊற்றி, வாசனைக்கு இரண்டு சொட்டுப் பினாயிலும் விட்டு, கொல்லையில் மற்ற இரண்டு வாளிகளோடு வரிசையாக வைத்தேன். எது எது என்று வாளியில் எழுதி வைக்கலாம் என்றான் முரளி. எழுதினால் மாமாவுக்குத் தெரிந்துவிடும் என்று தடுத்ததும் நான்தான்.

பிள்ளைகள் வாழை இலை வாங்கப் போனார்கள். நான் குளிக்கப் போனேன்.

கல்யாணமான நாளிலிருந்து இவர் தானாக ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு என்ன தோன்றியதோ, மச்சான் வருகிறாரே, கூடத்தைத் துடைத்துவிடுவோம் என்று கொல்லைக்குப் போயிருக்கிறார். மூன்று வாளி இருந்திருக்கிறது. எது நல்ல பினாயில் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை, இருப்பதிலேயே வெள்ளையான வாளியைத் தூக்கிக்கொண்டார். நன்றாக இருக்கட்டும் என்று கூடம் பூராவும் இரண்டு தடவை மெழுகிவிட்டு, மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, ஃபேனைப் போட்டுவிட்டுப் பேப்பர் படிக்க உட்கார்ந்துவிட்டார்.

நான் வந்து பார்க்கிறேன், எங்கள் சிவப்புச் சிமெண்டுத் தரை ராஜா வீட்டுத் தரை மாதிரி மின்னுகிறது.

"ஏங்க, தரையைத் துடைச்சீங்களா?"

"பினாயில் போட்டு" என்றார். முகத்தில் அவ்வளவு பெருமை. கொல்லைக்குப் போய் எந்த வாளி குறைகிறது என்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்குள் வாசலில் அண்ணன் குரல் கேட்டது.

அண்ணன் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் வந்திருந்தார். அந்தக் கூட்டத்தில் வந்தும் வேட்டி மடிப்பு கலையவில்லை, அவ்வளவு கஞ்சி. கையில் ஒரு பை. உள்ளே நுழைந்தவர் தரையைப் பார்த்துவிட்டு, "பரவால்லையே ராஜி, வீட்டைச் சுத்தமா வச்சிருக்கே" என்றார். நான் பாயை விரிக்கப் போனேன். "தரையே கண்ணாடி மாதிரி இருக்கு, பாய் எதுக்கு?" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இவர் முதுகுவலிக்காரர், எப்போதும்போலப் பலகையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் எதிரே நின்றார்கள். நான் சாம்பாரோடு நடக்கும்போது காலடியில் பச்சக் பச்சக் என்று ஒரு சத்தம் வந்தது. புதுப் பினாயில் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே கேள்வி கேட்டார்.

"முரளி, பன்னெண்டாம் வாய்ப்பாடு சொல்லு."

அவன் பாதி வரைக்கும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான்.

"காவிரி எங்க உற்பத்தியாகுது?"

"தெரியாது மாமா. ஆனா முக்கொம்புல ரெண்டாப் பிரியறதைப் பாத்திருக்கேன்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லணும். கோமதி, தண்ணீரோட தன்மைகள் என்ன?"

போயும் போயும் அதையா கேட்க வேண்டும்? கோமதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பரிசோதனை ஒன்று இருக்கிறது அண்ணே என்று ஆரம்பித்தேன். "வீடு துடைக்கிறதெல்லாம் படிப்பாம்மா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பாயசத்தைக் குடித்துவிட்டு, இடது கையால் பையைத் திறந்து யூனிஃபார்ம் துணியை எடுத்து வெளியே வைத்தார். அளவு எடுத்துத் தைக்க வேண்டியதுதான் பாக்கி. "ஜூன் ஒண்ணாந்தேதி நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே கை கழுவ எழுந்தார்.

அவர் எழுந்தார், வேட்டி எழுந்திருக்கவில்லை.

படக்கென்று மறுபடி உட்கார்ந்துவிட்டார். (உட்கார்ந்த வேகத்தைப் பற்றியும், இடையில் நாங்கள் பார்த்த கோடு போட்ட டிராயரைப் பற்றியும் நான் எதுவும் எழுதப் போவதில்லை.) எங்கள் யார் முகத்திலும் ஈயாடவில்லை.

"ராஜி, இது என்ன?" என்றார் அண்ணன், ரொம்ப மெதுவாக.

முரளி மண்டியிட்டுத் தரையை விரலால் தொட்டு, மோந்து பார்த்தான். "அக்கா, கஞ்சி" என்றான். கோமதி கொல்லைக்கு ஓடிப்போய், காலி வாளியைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "அப்பா பொய்ப் பினாயில்ல துடைச்சிருக்காங்கம்மா." இவர் பலகையிலிருந்து, "அதுதானே நல்லா வெள்ளையா இருந்துச்சு" என்றார்.

நான் தலையில் அடித்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவரப் போனேன். என் பின்னாலேயே வந்த கோமதி கேட்டாள். "அம்மா, வெந்நீரா, பச்சைத் தண்ணியா? எதுல கஞ்சி சீக்கிரம் விடும்?"

"எனக்கு என்னடி தெரியும்?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நான் தடுப்பதற்குள் இரண்டு சொம்பு வந்துவிட்டது. "மாமா, இடது பக்கம் பொறுக்கிற சூட்டுல வெந்நீர், வலது பக்கம் பச்சைத் தண்ணி. எது முதல்ல விடுதுன்னு நீங்கதான் சொல்லணும். எங்களுக்குத் தெரியாது பாருங்க" என்றாள். அண்ணன் எச்சில் கையோடு, இடுப்பில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷமாக மற்றவர்களை உட்காரச் சொல்லிப் பழகியவர். பிள்ளைகள் பொறுமையாக ஊற்றினார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது எனக்கு.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"இடது பக்கம் விட்டுருச்சு."

"வெந்நீர்" என்றான் முரளி.

"இரு இரு, அப்படிச் சொல்லிட முடியாது" என்றார் அண்ணன். "அந்தப் பக்கம் நீங்க தண்ணி கொஞ்சம் கூட ஊத்துனீங்க. நான் பாத்துக்கிட்டேதானே இருந்தேன். ரெண்டு பக்கமும் ஒரே அளவு ஊத்துனாத்தான் கணக்கு."

கோமதி முகம் மலர்ந்துபோயிற்று. "ஆமா மாமா, அது தப்புதான். காஞ்சப்புறம் மறுபடி உக்காந்தீங்கன்னா சரியாப் பாத்துடலாம்."

அண்ணன் உட்காரவில்லை. இவருடைய கைலியைக் கட்டிக்கொண்டு காபியை நின்றுகொண்டே குடித்தார். பிள்ளைகள் அவரை விடவில்லை. "மாமா, உங்க ஸ்கூல்ல பினாயில் வாங்கறப்ப வெள்ளையா இருக்கான்னு பாத்துத்தான் வாங்குவீங்களா? அங்க சொல்லிக் குடுக்கறதெல்லாம் சரியான்னு யாராவது செஞ்சு பாத்திருக்காங்களா? நாங்க வந்தா ஒண்ணு ஒண்ணாப் பாத்துச் சொல்லிடறோம். அப்படின்னா எனக்கு ஸ்கூலுக்கு வரதுக்குச் சம்மதம்" என்றாள் கோமதி. உண்மையான ஆசையோடுதான் சொன்னாள்.

அண்ணன் தன் ஸ்கூல் வாத்தியார்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஜூன்ல இடம் இல்லம்மா" என்றார்.

உறையூர் முழுக்கப் பிள்ளை தேடி அலைகிற ஸ்கூலில் இடம் இல்லையாம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சமையல்கட்டுக்குள் போய் இரண்டையும் செய்துவிட்டு வந்தேன். என் படிப்பாலோ சாமர்த்தியத்தாலோ கிடைத்த வெற்றி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் பெண் மறுபடி பேசினாள், அது போதும்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது எதிலிருந்தாவது நழுவப் பார்த்தால், "என்ன, இடம் இல்லையாம்மா?" என்றுதான் கேட்போம். அண்ணனோ, அன்றிலிருந்து எங்கே போனாலும் உள்ளங்கையால் ஒரு தடவை தட்டிப் பார்க்காமல் உட்காருவதில்லை. கல்யாணப் பந்தியானாலும் சரி, கலெக்டர் ஆபீஸ் நாற்காலியானாலும் சரி, தட்டுவார், கையைப் பார்ப்பார், அப்புறம்தான் உட்காருவார்.

எண்பதுகளில் கோமதி வீட்டிலிருந்தே படித்து, தனியாகப் பத்தாவது பரீட்சை எழுதினாள். அவளுக்கு விழுந்த சென்டர், அண்ணனின் பள்ளிக்கூடம். முதல் நாள் அண்ணனே வாசலில் காத்திருந்து ஹாலுக்கு அழைத்துப் போயிருக்கிறார். அவள் இடத்தைக் கண்டுபிடித்து, பெஞ்சை உள்ளங்கையால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தட்டிப் பார்த்து, கையையும் மோந்து பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு, உக்காரும்மா" என்றாராம்.

கோமதி உட்காராமல் கேட்டாளாம்: "எப்படித் தெரியும் மாமா?"