இஞ்சாருங்கோ என்றால் வருகிற நாய்

உ

துன், சுவிஸ்
மாசி மாதம், 2014

என்றும் மதிப்புக்குரிய மச்சாள் தில்லைநாயகி அவர்களுக்கு,

யோகம் எழுதுவது. உங்களுக்கும் உருத்திரமூர்த்தி அண்ணைக்கும் அந்தக் கனடாக் குளிரில் ஒரு குறையும் வரக்கூடாதென்று அட்லிஸ்வில் முருகனை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். ஆண்டுத்திவசம் முடியும்வரை கோயிலுக்குப் போவதில்லை என்றபடியால் வீட்டில் இருந்தபடிதான் நினைத்தேன். இங்கே நானும் மகள் வேணுகாவும் சுகம். நாயும் சுகம். அதை இந்த இடத்தில் எழுதலாமோ தெரியாது, எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

போன ஞாயிறு நீங்கள் ரெலிபோனில் பேசின பேச்சு முழுவதையும் கேட்டேன். "என்ரை தம்பி செத்து ஒரு வருசம் முடியேல்லை, அவனைக் கூப்பிட்ட வாயாலை நாயைக் கூப்பிடுறியோ யோகம்" என்று கேட்டீர்கள். திவசத்துக்கு வரும்போது அந்த நாய் வீட்டில் நின்றால் வாசலோடு திரும்பிவிடுவேன் என்றும் சொன்னீர்கள். உங்கள் தம்பிக்குக் கூடப்பிறந்தவர்களில் மிச்சம் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் இல்லாமல் அந்தத் திவசத்தை நான் யாரை வைத்துச் செய்வது? ரெலிபோனைச் சத்தமாகப் போட்டிருந்தபடியால் நாயும் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டது. ஒரு இடத்தில் மட்டும் எழும்பி உசாராக நின்றது. அது எந்த இடம் என்று இப்போது எழுதவில்லை. ரெலிபோனில் எனக்குப் பதில் வராது, அழுகைதான் வரும். அதுதான் கடிதம்.

நாயை நான் கேட்டு வாங்கவில்லை, முதலில் அதை நம்புங்கோ. உங்கள் தம்பி போன பிறகு நான் சாப்பிடுவதில்லை, ஒருவரோடும் கதைப்பதில்லை என்று வேணுகா என்னை மனதுக்குப் பார்க்கிற ஒரு டொக்டரிடம் கொண்டுபோனாள். அவர் கண் துடைக்கிற கடதாசிப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, வீட்டில் ஒரு உயிர் இருந்தால் நல்லது என்றாராம். அப்போ நான் என்ன மேசை கதிரையோ என்று கேட்டேன், வேணுகா அதை அவருக்கு மொழிபெயர்க்கவில்லை. அடுத்த கிழமை ஒரு பழுப்புக் குட்டியோடு வந்து நின்றாள். பெயர் புறூனோ என்றாள். மிருக டொக்டர் அதற்கு ஒரு ஊசியைப் போட்டுக் கையோடு ஒரு பாஸ்போட்டையும் கொடுத்துவிட்டார். நாங்கள் அகதியாக வந்து கந்தோர் கந்தோராக வரிசையில் நின்று, பிள்ளை பள்ளிக்கூடம் முடிக்கிற காலத்தில் கண்ட சாமான் மச்சாள் அது. குட்டி அதை மணந்து பார்த்துவிட்டு மூலையைக் கடித்தது. நாங்கள் அந்த நாளில் அப்படிக் கடித்திருந்தால் ஊருக்கே திருப்பிப் பிளேன் ஏற்றியிருப்பார்கள்.

வேணுகா காலையில் வேலைக்குப் போய்விடுவாள். நானும் குட்டியும்தான். பேப்பரை விரித்துவிட்டால் பேப்பருக்கு ஒரு முழம் தள்ளி ஒன்றுக்கிருக்கும். உங்கள் தம்பி ஆசையாக வாங்கின கம்பளத்தில் இப்போது பூவை விட மற்றது கூட. புறூனோ என்று கூப்பிட்டால், ரெயினில் பக்கத்துச் சீற்றுக்காரனைக் கூப்பிட்ட மாதிரித் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் பாட்டுக்குக் கிடக்கும். நான் அதோடு மல்லுக்கட்டாமல் என் வேலையைப் பார்ப்பேன். என் வேலை என்றால் உங்களுக்குத் தெரியும். விடியப்புறம் முதல் தேத்தண்ணியை ஒரு விசுக்கோத்தோடு உங்கள் தம்பியின் படத்துக்கு முன்னால் வைத்து, "இஞ்சாருங்கோ, தேத்தண்ணி" என்று சொல்லுவேன். ஹோட்டல் குசினிக்கு வெளிக்கிடுகிற மனிசனுக்கு முப்பது வருடமாக அப்படிச் சொன்ன வாய். அவருடைய பெயரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை, இந்தக் கடிதத்திலும் எழுதவில்லை பாருங்கோ. அதற்குப் பிறகு நாள் முழுக்க அந்தப் படத்தோடுதான் கதை. இஞ்சாருங்கோ, பனி கொட்டுது. இஞ்சாருங்கோ, வேணுகாவை இன்னும் காணேல்லை. தேத்தண்ணி ஆறினதும் நான் குடிப்பேன். விசுக்கோத்து மட்டும் எனக்குத் தொண்டைக்குள் இறங்காது. அதைக் காலடியில் நிற்கிற குட்டிக்குப் போடுவேன். இதைத்தான் நான் செய்தேன் மச்சாள், வேறு ஒன்றும் செய்யவில்லை.

இந்த நாட்டில் முதல்முதல் நாய் வைத்திருக்கிறவர்கள் கட்டாயம் வகுப்புக்குப் போகவேணும், சட்டம். ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடின என்னை, உடம்பெல்லாம் நோகிற வயதில், ஒரு நாய்க்காகப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இருத்தினார்கள். முதல் பாடம் நாய்க்கு இல்லை, எனக்கு. அது முடிய, ஊருக்கு வெளியே ஒரு புல்வெளியில் இரண்டாம் பாடம். ரீச்சர் கெர்பர் என்றொரு மனிசி, இராணுவத்தில் இருந்தவ மாதிரி நடை. நாயின் பெயரைச் சொல்லுங்கள், வந்தால் தின்னக் கொடுங்கள், ஒவ்வொரு நாளும் ஒரே சொல், ஒரே நேரம், ஒரே தீன், அவ்வளவுதான் இரகசியம் என்றா. மற்றவர்களின் நாய்கள் பறந்து வந்தன. என்னுடையது எட்டத்தில் நின்று புல்லுத் தின்றது. ஏழெட்டு வெள்ளைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வெட்கம் பொறுக்கவில்லை. முகத்தை அங்கால் திருப்பி, பழக்கத்தில், அவரிடம்தான் முறையிட்டேன். "இஞ்சாருங்கோ, என்னை இவையளுக்கு முன்னாலை இப்பிடி விட்டிட்டுப் போனியளே" என்று.

குட்டி வெளியைக் குறுக்காக ஓடி வந்து, என் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி, படம் எடுக்க இருக்கிற மாப்பிள்ளை மாதிரி இருந்தது. விசுக்கோத்துக்கு.

ரீச்சருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அது என்ன சொல், திரும்பச் சொல்லச் சொல்லுங்கள் என்று, மொழிபெயர்க்க வந்து நின்ற வேணுகாவிடம் கேட்டா. அவள் முகம் சிவந்து, இது அம்மா அப்பாவைக் கூப்பிடுகிற முறை என்று சொல்லிவிட்டாள். யாரோ வீட்டில் ஒரு நாள் தவறாமல், ஒரு பிழையும் விடாமல் பழக்கியிருக்கிறார்கள் என்று ரீச்சர் என் கையைப் பிடித்துக் குலுக்கினா. பாடத்தில் பிழை இல்லை மச்சாள், ஆள்தான் மாறிப்போச்சு. அதோடு விட்டாவோ, இன்னும் உரத்து, இன்னும் சந்தோசமாகக் கூப்பிட வேணுமாம். குசினியில் இருந்து ஹோலுக்கு மட்டும் கேட்கக் கூப்பிட்ட சொல்லை நான் மலைக்கு எதிரொலிக்கக் கத்தினேன். பிறகு வகுப்பு முழுக்க அதைப் பழகியது. தாடி வைத்த ஒரு மனிதர் "இன்ஷாறுங்கோ" என்று என் நாயைக் கூப்பிட்ட கூப்பிடுதலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

நாயோடு மரியாதையாகக் கதைக்கிறேன் என்றும் குற்றம் சொன்னீர்கள். தொடக்கம் அப்படிப் போனால் முடிவை எப்படி நான் "அடேய்" என்று முடிப்பது? இஞ்சாருங்கோ, அந்தச் செருப்பை விடுங்கோ. இஞ்சாருங்கோ, கம்பளத்திலை இருக்காதையுங்கோ. இப்படித்தான் வாயில் வருகிறது.

இதெல்லாம் உங்கள் காதுக்குக் கொண்டுவந்தது ராஜேஸ்வரி என்று எனக்குத் தெரியும். பேர்ணில் இருந்து அவவும் புருசன் தவராஜாவும் துக்கம் விசாரிக்க வந்தார்கள், எட்டு மாதம் பிந்தி. குசினிக்குள் நின்று அவ "இஞ்சாருங்கோ, ஒருக்கா வாங்கோ" என்று தன் மனிசனைக் கூப்பிட்டா. தவராஜா ரி.வி.யில் இருந்து கண் எடுக்கவில்லை. நாய் போய் அவவுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி இருந்தது. ராஜேஸ்வரி நாயையும் பார்த்தா, ஹோலில் இருந்த மனிசனையும் பார்த்தா.

"அக்கா, உதைப் பழக்க எவ்வளவு காலம் எடுத்தது? நான் இந்தாளோடை இருவது வரியமாய் மாயுறன்."

அந்தப் பகிடியை அவவே சொல்லி அவவே சிரித்தா. உங்களுக்கு மட்டும் அந்தச் சிரிப்பைக் கழற்றிவிட்டுத்தான் சொல்லியிருக்கிறா.

நீங்கள் பேசின அன்றிலிருந்து நான் அந்தச் சொல்லை விட்டேன். மறதியில் நாயைக் கூப்பிட்டுவிடுவேன் என்ற பயத்தில் படத்துக்கும் சொல்லவில்லை. விடியத் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பேசாமல் நின்றேன். நாய் வழமைபோல வந்து படத்துக்கு முன்னால் இருந்து, என் வாயைப் பார்த்தது. படமும் பார்த்தது. தேத்தண்ணி ஆறிப்போச்சு. அடுத்த நாளும் அப்படித்தான். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. உங்கள் தம்பி செத்தது போன மாசியில் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கிழமைதான் செத்த மாதிரி இருந்தது.

ஆனாலும் பெரியவர் நீங்கள், உங்கள் சொல்லைத் தட்டமாட்டேன். கூர் நகரத்தில் ஹோட்டல் வேலை செய்கிற சண்முகநாதன் நாயை வளர்க்கக் கேட்டிருக்கிறார், உங்கள் தம்பியோடு முன்பு குசினியில் நின்ற பொடியன், இப்போது தலை நரைத்துவிட்டது. கலியாணம் கட்டாதவர். அந்த வீட்டில் அந்தச் சொல் ஒருநாளும் கேளாது, நாயும் மறந்துவிடும் என்றுதான் அவரைத் தெரிந்தெடுத்தேன். சனிக்கிழமை வந்து கொண்டுபோகிறார். கம்பளத்தைக் கழுவக் கொடுத்தாச்சு. அண்ணைக்கு உறைப்புக் குறைத்துத் தனிக் கறி வைப்பேன். நீங்கள் மனச்சங்கடம் இல்லாமல் வந்து உங்கள் தம்பியின் திவசத்தை முன்நின்று நடத்தவேணும்.

பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் எல்லாரும் நோய் நொடி இல்லாமல் இருக்கவேணும். வேணுகா உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் சொல் கேட்கும்
யோகாம்பாள்

பி.கு.: கடிதத்தை ஒட்டமுதல் சனிக்கிழமை வந்துவிட்டது. சண்முகநாதன் நாயைக் கொண்டுபோனார். அன்று பின்னேரமே ரெலிபோன் எடுத்து, "அக்கா, உது ஒண்டும் தின்னுதில்லை, வெறும் சுவரைப் பாத்துக்கொண்டு நெஞ்சை நிமித்தி இருக்குது. ஒருக்காக் கூப்பிட்டுவிடுங்கோ" என்றார். கூப்பிட்டேன். நாய் ரெலிபோனை நக்கின சத்தம் இங்கே கேட்டது. ஞாயிறு மத்தியானம் அவரே ரெயினில் கொண்டுவந்து விட்டுவிட்டார். இப்போது என் காலடியில்தான் கிடக்கிறது. கழுவி வந்த கம்பளத்தில்.

இனிக் கொடுக்கமாட்டேன் மச்சாள். அந்தச் சொல்லைச் சொன்னால் எழும்பி வருகிறதுக்கு எனக்கு வேறு ஆள் இல்லை.

நாய் எழும்பி நின்ற இடத்தை இப்போது எழுதுகிறேன். என்னைப் பேசிக்கொண்டிருந்த நடுவில் நீங்கள் அங்கால் திரும்பி, "இஞ்சாருங்கோ, அந்த மூக்குக்கண்ணாடியை ஒருக்கா எடுத்துத் தாங்கோ" என்று அண்ணையைக் கூப்பிட்டீர்கள். அப்போதுதான். ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். இங்கே வந்து நிற்கிற இரண்டு கிழமையும் நீங்கள் அண்ணையை வேறு எப்படியாவது கூப்பிடுங்கோ, இன்றைக்கே பழகத் தொடங்குங்கோ. உங்களுக்கு ஏலுமென்றால் நாயையும் வேறு சொல்லுக்குப் பழக்கிவிடுகிறேன். ஏலாதென்றால் பேசாமல் வந்து இறங்குங்கோ. கூப்பிடும்போது இரண்டு பேர் வருவார்கள், விசுக்கோத்தை யாருக்குக் கொடுப்பது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கோ.