கனவில் வந்த பெரியவர்

"அடுத்தது சினேகா. இந்த வாரக் கனவைப் படிங்க" என்றார் ஆதவன்.

சினேகா நோட்டைத் திறந்தாள். பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'ஏதோ மாடு. மோட்டார் போடணும்.'

செங்கம் ரோட்டில் அவள் ரிசப்ஷனில் வேலை பார்க்கும் விடுதியின் மாடி ஹாலில் ஞாயிறுதோறும் இந்தக் கனவு வகுப்பு நடந்தது. கண் விழித்ததும் அசையக்கூடாது, பேசக்கூடாது, கண்டதை அப்படியே எழுதிவிட வேண்டும். மலை நம்மோடு பேசுவது கனவில்தான் என்பார் வகுப்பு நடத்தும் ஆதவன். சினேகாவோடு பேச மலைக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அலாரம் அடித்து முடிப்பதற்குள், "தண்ணி வந்துடுச்சு, மோட்டார் போடு" என்பான் கணவன் கோபி. மோட்டார், குக்கர், பிள்ளையின் டிபன் பாக்ஸ் என்று ஓடி முடித்து நோட்டை எடுத்தால், கனவு இருந்த இடத்தில் தேங்காய்ச் சட்னிதான் இருக்கும்.

எங்கிருந்தெல்லாமோ வந்து தங்குகிறவர்களுக்குக் கனவில் ஜோதி தெரிந்தது, மணிச்சத்தம் கேட்டது. மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு ஒரு மாடு. அதை எல்லோர் முன்னாலும் படிக்க அவளுக்கு நாக்கு எழவில்லை.

"ஒரு பெரியவருங்க" என்று வாயில் வந்ததைச் சொன்னாள். "மரத்தடியில நின்னு அழுதுட்டு இருந்தாரு."

பின்வரிசையிலிருந்த சரோஜாம்மா நிமிர்ந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ். பே கோபுரத் தெருவில் தனியாக இருப்பவர்.

"வேட்டி கட்டியிருந்தாரா?"

"கட்டியிருந்தாரும்மா."

"அப்ப எங்க வீட்டுக்காரருதான்." சரோஜாம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "அவரு போயிட்டாரும்மா. நான் ஒண்டியாத்தான் கெடக்கறேன்."

இந்த ஊரில் வேட்டி கட்டாத பெரியவரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஹாலில் இருந்த அத்தனை பேரும் அவளைக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சினேகா நோட்டை மூடிவிட்டாள்.

மறுநாள் காலை, கிரிவலத்துக்கு வந்தவர்கள் குடும்பம் குடும்பமாக அறையைக் காலி செய்துகொண்டிருந்த நேரத்தில் போன் வந்தது.

"இன்னிக்கு வந்தாரா?" என்றார் சரோஜாம்மா.

இல்லை என்றால் பேச்சு நீளும்.

"வந்தாரும்மா. உங்களை நல்லா சாப்பிடச் சொன்னாரு."

"வேற இன்னா சொன்னாரு?"

"மன்னிச்சுடச் சொன்னாரு."

"எதுக்குன்னு சொன்னாரா?"

"அழுதுட்டே சொன்னாருங்களா, சரியா கேக்கல."

மறுமுனையில் விசும்பல் கேட்டது. "இப்பவாவது புத்தி வந்துச்சே" என்றார் சரோஜாம்மா.

அதன் பிறகு தினமும் அதே நேரத்துக்குப் போன் வந்தது. தினமும் பெரியவர் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நாள் அவருக்கு முட்டிவலி ஜாஸ்தி என்றுகூடச் சினேகா சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகு அவளுக்கே தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை. புருஷனை இழந்து தனியாக இருக்கும் மனுஷியிடம் போய் இப்படிப் புளுகுகிறோமே என்று கூசிப்போனாள். ஒரேயடியாக முடித்துவிட நினைத்தாள்.

"இனிமே வர மாட்டேன்னு சொல்லிட்டாரும்மா."

அந்த ஞாயிறு சரோஜாம்மா வகுப்புக்கு வரவில்லை. சினேகாவே போன் செய்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"மறுபடியும் விட்டுட்டுப் போயிட்டாரா. சரி, வுடு. எனக்குச் சோறே எறங்கல."

சினேகா அவசரமாகக் குறுக்கிட்டாள்.

"இல்லம்மா, காலையில திரும்ப வந்தாரு. இனிமே என் கனவுல வரலியாம். நேரா உங்ககிட்டயே வர்றேன்னாரு."

சரோஜாம்மாவின் கனவிலேயே வருவார் என்ற பொருளில்தான் சொன்னாள். இனி அவராச்சு, அவர் வீட்டுக்காரராச்சு. போனும் நின்றது. சினேகா நிம்மதியாகத் தூங்கினாள்.

நிம்மதி அடுத்த வகுப்பு வரைதான் நீடித்தது.

"சரோஜாம்மா வீட்டுக்கு வெள்ளையடிக்கிறாங்க" என்றார் ஆதவன். "புதுப் புடவை எடுத்திருக்காங்க. என்ன விசேஷம்னு கேட்டா, அவரு வர்றாரு, நான் ரெடியா இருக்கணும்னு சொல்றாங்க."

வீட்டுக்குப் போனதும் கோபியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினான்.

"செத்தவரு நேரா எதுக்கு வருவாரு? கூட்டிட்டுப் போகத்தான் வருவாரு. அந்தம்மா சாவறதுக்கு ரெடியாவுது. நீதான் நாள் குறிச்சுக் குடுத்திருக்கற."

சினேகா உடனே ஆட்டோ பிடித்தாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். எப்படிச் சொன்னாலும் அசிங்கமாகத்தான் இருந்தது.

பே கோபுரத் தெரு வீட்டில் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. கதவு திறந்திருந்தது. உள்ளே முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சரோஜா கடைக்குப் போயிருக்கா. இப்ப வந்துடுவா. உக்காரும்மா."

சொந்தக்காரர் யாரோ வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அதுவும் நல்லதுதான். இவரிடம் சொன்னால் சரோஜாம்மாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்வார்.

"நான்தாங்க சினேகா. கனவு வகுப்புல..."

"ஓ, அந்தப் பொண்ணு நீதானா?" பெரியவர் கீரையை வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

சினேகாவால் தலைநிமிர முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவங்க வீட்டுக்காரரு என் கனவுல வரவே இல்லீங்க. அவரு அழவும் இல்ல, மன்னிப்பும் கேக்கல. எல்லாம் நானா இட்டுக்கட்டிச் சொன்னது. கனவு வரலன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இப்படிப் பண்ணிட்டேன். இப்ப அவங்க உசுருக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு. வந்ததும் கால்ல வுழுந்து சொல்லிடறேன்."

வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. பெரியவர் பதறி எழுந்து, அவள் காதருகே குனிந்து கிசுகிசுத்தார்.

"உனக்குப் புண்ணியமா போவும், சொல்லிடாதம்மா. அந்தக் கனவை நம்பித்தான், வுட்டுட்டு ஓடிப்போன என்னைப் போன் போட்டுக் கூப்ட்டு மறுபடியும் வீட்ல சேத்துக்கிட்டிருக்கா."