கொலுப்படிக்குள் லைசென்ஸ் கீ

இந்த வருஷ நவராத்திரிக்குச் சுண்டு விரலைக்கூட அசைப்பதில்லை என்று தீர்மானித்திருந்தேன். போன வருஷம் பரணிலிருந்து செட்டியார் பொம்மையை இறக்கும்போது பிடித்துக்கொண்ட இடுப்பு, ஹோலி வரைக்கும் நிமிரவில்லை. அதனால் கொலு வைக்கிற அமாவாசையன்றே சர்வர் அப்டேட் என்று ஆபீஸில் சுற்றறிக்கை விட்டேன். தலைநகரில் எங்கள் இலாகாவின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அடியேன்தான் தலை. அதிகாரமெல்லாம் அங்கே மட்டும்தான்.

"கொலு அன்னிக்கா?" என்றாள் என் மனைவி சுந்தரவல்லி.

"நாடு முக்கியமா, பொம்மை முக்கியமா?"

"சரி, போய்ட்டு வாங்கோ."

அவள் அவ்வளவு சுலபமாக விட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அப்டேட் முடிந்தது. அதோடு எல்லாமே முடிந்தது. ஒரு சாஃப்ட்வேர்கூடத் திறக்கவில்லை. "சாப், லைசென்ஸ் கீ மாங்க் ரஹா ஹை" என்று கையை விரித்தார் கம்பெனி என்ஜினீயர். திறக்கிற ரகசிய நம்பரைக் கேட்கிறதாம். பழைய கீ அத்தனையும் அழிந்துபோயிருந்தது.

"கீ இருக்கா, இல்லையா?" என்றார் டைரக்டர் சதாசிவம்.

"பத்திரமா இருக்கு சார்."

பொய்யில்லை. சாஃப்ட்வேர் வந்த அட்டைப்பெட்டிகளின் அடியில்தான் கீ நம்பர் அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆபீஸில் கிடந்தால் பழைய பேப்பர் வாங்கும் கபாடிவாலாவிடம் போய்விடும் என்று, பெட்டிகளை ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கே கொண்டுவந்து பரணில் ஏற்றியிருந்தேன். "இந்த ஸ்டிக்கர்லதான் என் உத்தியோகமே இருக்கு" என்று சுந்தரவல்லியிடம் அடிக்கடி பீற்றிக்கொண்டும் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து பரணைப் பார்த்தால் காலி. கூடத்தில் ஏழு படி, அதன்மேல் வெள்ளை வேஷ்டி, உச்சியில் கலசம்.

"படியை எதுல கட்டினே?"

"உங்க பெட்டிலதான். நல்ல கெட்டி அட்டை. மரப்படியைத் தூக்க ஆத்துல ஆம்பளை இல்லையே."

"ஐயோ, எனக்கு அந்தப் பெட்டி இப்பவே வேணும்."

"கலசம் வெச்சாச்சு. விஜயதசமிக்கு பொம்மையைப் படுக்க வெக்கறவரைக்கும் படியைத் தொடப்படாது. உங்கம்மா சொன்னதுதான்."

அம்மாவை இழுத்துவிட்டால் அதற்குமேல் அப்பீல் கிடையாது.

"கொலு குறையில்லாம நடக்கட்டும். அப்புறம் பெட்டியெல்லாம் உங்க கைல," என்றாள்.

கீ இல்லாமல் டைரக்டர் முகத்தில் எப்படி விழிப்பது? நிஜமாகவே பயந்துவிட்டேன். வைரல் ஜுரம் என்று லீவு போட முடிவு செய்தேன்.

"நானே போன் பண்ணிச் சொல்லிடறேன். உங்களுக்குப் பொய்யா இருமக்கூட வராது," என்றாள்.

மறுநாளே டைரக்டரின் மனைவி ஜலஜா மாமி தாம்பூலத்துக்கு வந்துவிட்டாள். நான் உள்ளே போர்வைக்குள் முனகிக்கொண்டு கிடந்தேன். கூடத்தில் இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. பாவம், மாமிக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டோடு இருக்கிற ஜுரக்காரனுக்கு வேலைக்கா பஞ்சம்? தேங்காய் துருவினேன். கொண்டைக்கடலை ஊறப்போட்டேன். ரவிக்கைத் துணி வாங்கப் போய், சரோஜினி நகர் மார்க்கெட்டில் பஞ்சாபிப் பெண்களின் முழங்கைகளுக்கு நடுவே நசுங்கினேன். கிட்வாய் நகர் மாமிகளை ஸ்கூட்டரில் ஏற்றி இறக்கினேன்.

ஒருநாள் அவள் மலை மந்திர் கோவிலுக்குப் போன சமயம் பார்த்து, கீழ்ப்படிப் பெட்டியை மெல்ல உருவினேன். மரப்பாச்சி ராஜா தலைகுப்புற என் மடியில் விழுந்தார். அதே நேரம் வாசல் கதவும் திறந்தது.

"அபசாரம். அம்பாள்கிட்ட மன்னிப்புக் கேட்டு ஒரு பாட்டு பாடுங்கோ," என்றாள். கூட வந்திருந்த மாமிகள் முன்னால் பாடினேன். அவர்கள் சுண்டலைக் கட்டிக்கொண்டு உடனே கிளம்பிவிட்டார்கள்.

"இது நல்லாருக்கே. நாளைக்கும் பாடுங்கோ, காபிப்பொடி மிச்சம்."

ஒருவழியாக விஜயதசமி முடிந்தது. மறுநாள் காலையில் பொம்மைகளை நானே பேப்பரில் சுற்றி, வேஷ்டியை உருவி, முதல் பெட்டியைக் கவிழ்த்தேன். ஸ்டிக்கர் இல்லை. எல்லாவற்றையும் கவிழ்த்தேன். பசைத் தடம்தான் இருந்தது.

"சுந்தரா, ஸ்டிக்கர் எங்கே?"

"படி கட்டறச்சேயே உரிச்சு எடுத்துட்டேன். உங்க உத்தியோகமாச்சே, நசுங்கிடப்படாதே. தாம்பூலத்துக்கு வந்த அன்னிக்கே ஜலஜா மாமிகிட்ட சுண்டலோட கொடுத்தனுப்பிச்சுட்டேன். மறுநாளே ஆபீஸ்ல எல்லாம் ஓட ஆரம்பிச்சுடுத்தாம்."

"அதை எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க பெட்டியைத்தானே கேட்டேள்? ஸ்டிக்கரைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டேளா?"

கேட்கவில்லைதான். முதல் முறையாக ஆபீஸ் சொர்க்கமாகத் தெரிந்தது.

"நான் இப்பவே டூட்டில ஜாயின் பண்றேன்," என்று சட்டையை எடுத்தேன்.

"அவசரமே இல்லை. ஜுரம் நன்னா குணமாகட்டும், தீபாவளி வரைக்கும் லீவு சாங்ஷன்னு மாமிகிட்ட டைரக்டர் சொல்லிட்டாராம்," என்றவள், சட்டையை வாங்கிக்கொண்டு ஒட்டடைக் கம்பை என் கையில் கொடுத்தாள்.