சப்பாத்துக்கும் சின்னமுத்து

ஒஸ்லோவில் அம்மாள் இறங்கிவிட்டாளாம். இறங்கிய இடம் ரொம்மன் பகுதியில் ஒரு வாடகை மண்டபம். வெளியே பனி கொட்டியது. உள்ளே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனம் கொட்டியது.

அந்த வட்டாரத்து மழலையர் பள்ளியில் சின்னமுத்து என்ற தட்டம்மை பரவியிருந்தது. தடுப்பூசி போட வாருங்கள் என்று சுகாதார நிலையம் அழைத்தது, அதுவும் இலவசமாக. இலவசத்தில் என்ன மகிமை இருக்கும்? மண்டபத்தில் அம்மாள் இறங்கிய சின்னராசா சுவாமிகளிடம் போனார்கள்.

ஊரில் போர் முடிந்தபின் அகதி முகாமில், கொளுத்தும் வெயிலில் வரிசையில் நின்று பிள்ளைகளுக்கு ஊசி போடுவித்த அதே மனிதர்கள்தான். அன்று ஷெல்லுக்குப் பயந்து ஓடினார்கள். இன்று ஊசிக்கு ஓடுகிறார்கள்.

சுவாமி பிள்ளையின் கையில் மஞ்சள் நூல் கட்டுவார். செம்பிலிருக்கும் தீர்த்தத்தில் கையைத் தோய்ப்பார். நூல் இரத்தமாய்ச் சிவக்கும்.

"அம்மை வருத்தம் நூலுக்கு இறங்கீட்டுது. இனி ஊசி போட்டியளெண்டால் அம்மாள் கோவிப்பா."

கம்சிகா தன் குழந்தை ஹரிசனுக்கு ஊசி போடும் நாளை ரத்துச் செய்துவிட்டு முன்வரிசையில் இருந்தாள். ஹரிசனின் கைநூலும் சிவந்திருந்தது. அவனோடு விளையாடும் பிள்ளை ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. அடுத்தது யாரென்று அம்மாள் சொல்லவில்லை.

கணவனின் அக்கா யோகராணி தேடிக்கொண்டு வந்தாள்.

"ஹரிசனுக்கு வருத்தமோ?"

"இல்லை மச்சாள்."

"பிறகேன் நூல் சிவந்தது?"

"உள்ளுக்கை ஒளிச்சிருந்தது வந்திட்டுது."

யோகராணி வாசலுக்குப் போய், குவிந்து கிடந்த காலணிகளில் ஒரு சப்பாத்தைத் தூக்கினாள்.

"இது ஆற்றை?"

"சுவாமியின்ரை," என்றது பின்வரிசை.

அதன் நுனியில் சுவாமியின் மஞ்சள் நூலொன்றைக் கட்டிச் செம்புக்குள் அமுக்கினாள். நூல் பளீரென்று சிவந்தது.

"உங்கடை சப்பாத்துக்கும் சின்னமுத்து, சுவாமி. கெதியா மந்திரியுங்கோ."

"தீர்த்தத்தைத் தீட்டாக்கிப்போட்டாய்."

"அப்ப பைப்புத் தண்ணியிலை பாப்பம்."

புது நூலை ஹரிசனின் கையில் கட்டிக் குழாயடியில் பிடித்தாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"கறி பட்ட சட்டைக்குச் சவர்க்காரம் போட்டால் சிவக்கிறேல்லையோ? இது மஞ்சள் தோய்ச்ச நூல், அது சுண்ணாம்புத் தண்ணி. கிழமைக்குக் கிழமை வீட்டிலை நீங்கள் செய்யிற அற்புதம்தான்."

சுவாமி ஈரச் சப்பாத்தோடு பனிக்குள் நழுவினார். "எண்டாலும் அவற்றை முகத்திலை ஒரு களை இருந்தது," என்று ஒருத்தி பெருமூச்சு விட்டாள். கம்சிகா ஹரிசனின் கையிலிருந்த நூல்களை அறுத்தெறிந்துவிட்டு, இன்றைக்கே ஊசி போட முடியுமா என்று தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

சப்பாத்தோடு மூளையையும் வாசலில் கழற்றி வைக்கும் பெருமக்களே, திரும்பிப் போகும்போது சப்பாத்தை மட்டும் தேடாதீர்கள்.