டபுள் விசிலின் கட்டை விரல்

பஸ்ஸிலிருந்து விழுந்த கண்டக்டர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆனால் தான் ஊதிய விசிலாலேயே காலை முறித்துக்கொண்ட கண்டக்டர், பூமி சுற்ற ஆரம்பித்த நாளிலிருந்து ஒருவர்தான். செங்கல்பட்டு - மாமல்லபுரம் பஸ்ஸில் இருந்தார். டபுள் விசில் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருந்திருக்கும். அதைக் கேட்கிற அளவுக்கு அவர் யாருக்கும் அவகாசம் கொடுத்ததில்லை. நீங்கள் ஒரு காலைப் படியில் வைத்ததும் இரட்டை விசில் பறந்துவிடும். இன்னொரு காலை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், திருக்கழுக்குன்றத்தில் டீ குடிக்க இறங்கிய மனிதர், கையில் டீ கிளாஸோடு, பழக்க தோஷத்தில் இரட்டை விசில் ஊதிவிட்டார். டிரைவர் கடமையே கண்ணானவர். வண்டியை எடுத்துவிட்டார். இவர் தன் பஸ்ஸைத் தானே துரத்திப் படியில் தாவப் போய், கீழே விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போனது.

அதே வாரம் நான் கடற்கரைச் சாலையில் ஸ்கூட்டரோடு ஓர் எருமை மேல் மோதித் தொடை எலும்பை உடைத்துக்கொண்டிருந்தேன். எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போது நான் அந்தப் பக்கத்து டவுன்ஷிப் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த கிளார்க். சொந்த ஊர் மதுரைப் பக்கம். செங்கல்பட்டில் ஒரு சின்ன எலும்பு ஆஸ்பத்திரியில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த கட்டில்.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் அவரை விசாரித்ததை நான் வாயில் துணியை வைத்துக்கொண்டு கேட்டேன். சிரித்தால் எனக்குத் தொடை வலிக்கும்.

"சுகர் இருக்கா?"

"கீது சார்."

"பீடி?"

"கீது சார்."

"உடம்பும் கொஞ்சம் கனமா இருக்கே?"

"அது பரம்பரையா கீது சார்."

"எலும்பு ஆபரேஷன் பண்ணின புண்ணுல கிருமி பூந்து சீழ் பிடிக்கிறதுக்கு என்னென்ன காரணம் உண்டோ, அத்தனையும் உன்கிட்ட இருக்கேய்யா. எல்லா ஸ்டாப்புலயும் நிக்கிற வண்டியா இருக்கியே நீ."

"இன்னியிலேர்ந்து எல்.எஸ்.எஸ். சார். எங்கியும் நிக்க மாட்டேன்."

சொன்னபடி நடந்தும் காட்டினார். காலுக்குள் ராடு வைத்துத் தைத்துக் கொண்டுவந்து போட்டார்கள். மறுநாளிலிருந்து அந்த ரூட்டில் இருக்கும் ஜனம் மொத்தமும் அவரைப் பார்க்க வந்தது. பூக்காரம்மா வந்தார், மாமல்லபுரத்தில் சங்கு மாலை விற்பவர் வந்தார், திருக்கழுக்குன்றம் கோயிலிலிருந்து பிரசாதம் வந்தது. அதிரசம், மைசூர்பாகு எல்லாவற்றையும் தொடாமல் என் பக்கம் தள்ளிவிட்டார். நான் ஆஸ்பத்திரியில் பெருத்த கதை இதுதான். பீடியையும் விட்டார். விட்ட வேதனையில் தலையணை உறையின் ஓரத்தை மென்றே தீர்த்தார். சர்க்கரை இறங்கியது, டாக்டர் முகம் மலர்ந்தது.

ஆனால் புண் மட்டும் ஆறவில்லை. முதலில் சிவந்தது, பிறகு நீர் கசிந்தது, பிறகு சீழே வைத்துவிட்டது. டாக்டர் ஊசி மருந்தை மாற்றிப் பார்த்தார். நர்ஸ்களைக் கேள்வி கேட்டார், கட்டு போடும் சாமான்களை மறுபடி வேகவைக்கச் சொன்னார். எங்கிருந்து கிருமி வருகிறது என்று ஒருவருக்கும் புரியவில்லை.

"உள்ள இருக்கிற ராடு வரைக்கும் சீழ் போயிடுச்சுன்னா ராடைக் கழட்டியாகணும். அப்புறம் அந்தக் காலுக்கு நான் பொறுப்பில்ல" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அன்று மத்தியானம் டபுள் விசில் சாப்பாட்டைத் தொடவில்லை.

"தம்பி, கால் பூட்ச்சின்னா என்னெ டிப்போல ஒரு நாற்காலில குந்த வச்சுருவாங்க. வண்டி போறதையும் வர்றதையும் எழுதிகினு கெடக்கணும். அதுக்கு என்னெ இங்கியே பொதைச்சுடலாம்."

அவர் குரல் அப்படித் தாழ்ந்து நான் கேட்டதில்லை. எனக்கு என் தொடையே மறந்துபோனது.

சாயங்காலம், பார்வையாளர்கள் இருக்கும் நேரத்தில், டாக்டர் திடீரென்று வந்து நின்றார். கட்டிலைச் சுற்றி ரூட் ஜனம். பூக்காரம்மாவைப் பார்த்து, "யாரும்மா இந்தப் புண்ணைத் தொட்டது? நீங்களா?" என்றார்.

"நா ஏன் சாமி தொடறேன்? அவருதான் காட்டுனாரு, நா பாத்தேன்."

"ஐய, யாரும் தொடல சார்" என்று டபுள் விசில் கோபமாகச் சொன்னார். "நா தொட வுட்டுருவேனா? வந்தவங்களுக்கு ஓரமா லேசா பிரிச்சிக் காட்னேன், அவ்ளோதான். இதோ, இந்த மாரி."

சொல்லிக்கொண்டே வலது கட்டை விரலை நாக்கில் வைத்து நன்றாக நனைத்தார். நனைத்த விரலால் பிளாஸ்திரியின் ஓரத்தை, டிக்கெட் புத்தகத்தில் மேல் தாளைப் பிரிப்பது போல, நெருடிப் பிரித்துப் புண்ணைக் காட்டினார்.

பல வருஷமாக ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் நாக்குக்குப் போய் வந்த விரல். வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு டிக்கெட் கிழிப்பதாக நினைத்து அது தன் வேலையைப் பார்த்திருக்கிறது. அதைத் 'தொடுவது' என்று அவர் கணக்கில் சேர்த்ததே இல்லை. டாக்டர் அந்த விரலையே பார்த்தபடி பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், இன்னா ஆச்சு உங்களுக்கு?" என்று டபுள் விசில் அக்கறையாக விசாரித்தார்.

மறுநாள் அவரை மறுபடி உள்ளே கொண்டுபோய்ப் புண்ணைத் திறந்து கழுவினார்கள். சீழ் ராடைத் தொடுவதற்கு முன்னாலேயே பிடித்துவிட்டதாக டாக்டர் சொன்னார். பெரிய சிஸ்டர் ஒரு காரியம் செய்தார். ஒரு கேடும் இல்லாத அந்தக் கட்டை விரலுக்கு, உருண்டை உருண்டையாகப் பஞ்சு வைத்து, இளநீர்க் காய் அளவுக்கு ஒரு கட்டு போட்டார். கால் கட்டைவிட விரல் கட்டுதான் பெரிது.

"கால்தானே ஒடஞ்சுது, விரலுக்கு இன்னா அண்ணாத்த?" என்று சங்கு மாலைக்காரர் கேட்டார்.

"இவுருதான் நெசமான பேஷண்டு. நா சும்மா கூட வந்துகிறேன்" என்றார் டபுள் விசில்.

அதற்குப் பிறகு அவர் ஆடிய பேயாட்டத்தைச் சொல்லி மாளாது. கழுத்தில் விசில், இடது கையில் சோப்பு. கை கழுவாமல் கட்டில் பக்கம் வந்தவருக்கு ஒற்றை விசில். அப்படியே நிற்க வேண்டும். கழுவிவிட்டு வந்தால் இரட்டை விசில். கட்டிலில் உட்காரப் போனவரிடம், "சீட்டு இல்ல, ஸ்டாண்டிங்தான்" என்றார். என்னைப் பார்க்க மதுரையிலிருந்து வந்த என் மாமா விசிலைக் கேட்டு வாசலிலேயே உறைந்துவிட்டார். ஒரு நாள் டாக்டரே ஞாபகப் பிசகாகக் கிட்டே வந்துவிட, ஒற்றை விசில். டாக்டர் திரும்பிப் போய்க் கை கழுவிவிட்டு வந்தார்.

புண் ஆறியது, ராடு நிலைத்தது, கால் தரையில் ஊன்றியது. அவர் வீட்டுக்குப் போகும் நாளில், என் ஆபீஸ் நண்பன் மூலமாக நான் வரவழைத்த ஒரு சாமானை அவர் கையில் வைத்தேன். ஃபைல் புரட்ட விரல் நனைக்க நாங்கள் வைத்திருப்போமே, வட்டமான பிளாஸ்டிக் டப்பாவில் ஈர ஸ்பான்ஜ், அதுதான்.

"இன்னா தம்பி இது?"

"உங்க நாக்குக்கு ரிட்டயர்மென்ட்ணே."

டப்பாவை மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, மேல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் எனக்கு மாற்றல் வந்தது, கல்யாணம் நடந்தது, வருஷங்கள் ஓடிவிட்டன. இரண்டாயிரத்துக்குப் பிறகு, பஸ்களில் டிக்கெட் அடிக்கும் மெஷின் வந்துவிட்ட காலத்தில், ஒரு வேலையாகத் திருக்கழுக்குன்றம் போனவன் மாமல்லபுரம் பஸ்ஸில் ஒரு காலை வைத்தேன். இரட்டை விசில் பறந்தது. தொங்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். கம்பியில் சாயாமல், இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். தலை மட்டும் நரைத்திருந்தது. அவரும் என்னைக் கண்டுகொண்டார்.

கையில் மெஷின். பட்டனைத் தட்டினால் டிக்கெட் தானாக வருகிறது, கிழிக்க விரலை நனைக்கவே வேண்டாம். ஆனால் பையின் வாரில் அந்த வட்ட டப்பா கட்டியிருந்தது. பிளாஸ்டிக் மஞ்சளடித்துப் போயிருந்தது. உள்ளே ஸ்பான்ஜ் ஈரமாக இருந்தது.

"மெஷின் வந்துடுச்சேண்ணே, இது இன்னும் எதுக்கு?"

"தெனம் காலையில தண்ணி ஊத்துவேன் தம்பி. இது காய்ஞ்சா எனுக்குக் கால் நோவுது."

நான் செங்கல்பட்டுக்குப் போக வேண்டியவன். அது எதிர்ப்பக்கம் போகிற பஸ் என்று ஏறும்போதே எனக்குத் தெரியும்; அவர் இருப்பாரா என்று பார்க்கத்தான் காலை வைத்தேன். மாமல்லபுரம் வரைக்கும் போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன்.