கமர்கட்டு ஏலம்

ஆசிரியர் பயிற்சியில் முதலாவதாகத் தேறியவர்களை உடனே குழந்தைகள் பக்கம் அனுப்பக் கூடாது. நான் முதலாவதாகத் தேறியவள்.

அறுபதுகளில், சிதம்பரத்திலிருந்து வந்து கடலூர்ப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்துப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்தேன். பிள்ளைகளுக்கு என் பாடத்தைவிட ஜன்னலுக்கு வெளியே கரையேறும் கட்டுமரம்தான் பிடித்திருந்தது. விடுவேனா? டப்பா நிறையக் கமர்கட்டு வாங்கி வைத்தேன். எழுத்தைச் சரியாகச் சொன்னால் ஒன்று. வகுப்பு தூள் பறந்தது. (பயிற்சிப் பள்ளிக்கே நான் பாடம் நடத்தலாம் என்று தோன்றியது.)

பிறகு பள்ளி இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் நல்லபடியாக எழுதினால்தான் என் வேலை நிரந்தரமாகும். மிட்டாயைப் பார்த்தால் திட்டுவாரோ என்று டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அவர் பலகையில் 'அ' எழுதி, "இது என்ன எழுத்து?" என்றார்.

எல்லாக் கண்ணும் அலமாரி மேல்.

"உனக்குத்தான் தெரியுமே, சொல்லு வள்ளி" என்று முன்வரிசைப் பெண்ணிடம் கெஞ்சினேன்.

"கமர்கட்டு டப்பாவ காணோமே டீச்சர்?"

"அப்புறம் தரேன்டி."

"அப்புறம்னா ரெண்டு குடுக்கணும்."

தலையாட்டித் தொலைத்தேன். உடனே பின்வரிசையில் மாரி எழுந்தான். தினமும் கரையில் மீன் ஏலம் பார்ப்பவன். "ரெண்டு ஒரு தரம்! ரெண்டு ரெண்டு தரம்!" என்று கூவிவிட்டு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான். "சார், நீங்க எத்தினிக்கு கேக்குறீங்க?"

என் கண்ணுக்குச் சிதம்பரம் பஸ் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் 'அ'வை அழித்துவிட்டு ஒரு மீன் வரைந்தார். "இது வஞ்சிரம்" என்றார்.

வகுப்பே பொங்கியது. "அய்யே, வஞ்சிரத்துக்கு இப்பிடியா வாலு இருக்கும்!" வள்ளி ஓடிவந்து சாக்பீஸைப் பிடுங்கி வாலைத் திருத்தினாள்.

"சரி, வஞ்சிரத்துக்கு மொத எழுத்து எது?"

"வ!" என்று கூரை அதிர்ந்தது. மாரி பலகையில் எழுதியே காட்டினான். யாரும் அலமாரியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எழுத்தெல்லாம் நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்கம்மா. டப்பாவ மட்டும் வீட்லயே வச்சிட்டு வாங்க" என்றார். எனக்கு உயிர் வந்தது. கிளம்பும்போது மாரியிடம் கை நீட்டினார். "எனக்கு ஒரு கமர்கட்டு கெடைக்குமா?"

"எப்பிடி சார்? வாலு தப்பா போட்டீங்களே."

வேலை நிரந்தரமானது. அதன்பின் என் பாடம் ஜன்னலுக்கு வெளியேதான் தொடங்கும். இந்தக் கதையை வீட்டுக்காரரிடம் சொன்னதுதான் நான் செய்த அடுத்த தப்பு. இன்றைக்கும் சாம்பாரில் உப்பு குறைந்தால் அவர் தட்டைப் பார்த்தபடியே சொல்வார்:

"வாலு தப்பு டீச்சர். கமர்கட்டு கெடையாது."